116 குதிரை போதும்

"டிராக்ல ஓட்ட ஒரு கார் வேணும், கையில காசு ரொம்ப இல்ல, என்ன வாங்கலாம்?" அமெரிக்காவில் இருக்கிற எந்தக் கார்ப்பைத்தியத்திடம் வேண்டுமானாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். மியாட்டா. மழைக்கு என்ன கார், மலைக்கு என்ன கார், மனைவி சண்டை போட்டால் என்ன கார் என்று எதைக் கேட்டாலும் அதே பதில்தான். அந்தப் பெயரில் இருக்கிற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் தனித்தனியாகப் பிரித்து, 'எப்பவுமே பதில் மியாட்டாதான்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு வாக்கியமே கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய வஸ்தாது இல்லை. சோப்பு டப்பா சைஸ். ரெண்டே ரெண்டு பேர் உட்காரலாம். கூரை துணி. 1989-இல் வெளிவந்தபோது 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 9 விநாடிக்குப் பக்கம். இன்றைக்கு பால் வாங்கப் போகிற குடும்பக் கார்கள் பல இதைவிட வேகமாகக் கிளம்பும். இதையா ரேஸ் மைதானத்துக்குக் கொண்டு போகச் சொல்கிறார்கள்?

என் அக்கா பையன் கேட்டதும் இதைத்தான். அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம், கொஞ்சம் சேமிப்பு, டிராக் டே ஆசை. ஒரு பழைய மஸ்டாங்கைப் பார்த்து வைத்திருந்தான். "மாமா, 400 குதிரைக்கு மேல. அதே காசுக்கு அந்தப் பொம்மைக் காரை வாங்கச் சொல்றீங்களே?" என்றான். ஃபோனில் ரெண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. பின்னாடி முப்பது நாற்பது வருஷக் கதை இருக்கிறது. அதனால் இங்கே.

முதலில் டிராக் டே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. இது ரேஸ் இல்லை. கோப்பை, ஷாம்பெயின், மாலை மரியாதை எதுவும் கிடையாது. காசு கட்டினால் உங்கள் சொந்தக் காரையே ரேஸ் மைதானத்தில் ஓட்ட விடுவார்கள், 20 நிமிஷம், அரை மணி என்று பிரித்துப் பிரித்து. முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்டால்தான் முந்தலாம், அதுவும் இன்ன இடத்தில்தான் என்று கறாரான விதிகள் உண்டு. புதுசாக வருகிறவர் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து வருவார். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் 1927-இல் திறந்த காலத்திலிருந்தே பொதுஜனம் சுங்கம் கட்டிவிட்டு உள்ளே போய் ஓட்டலாம். அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கி.மீ. மற்ற நாடுகளில் இது ஒரு வாரக்கடைசிப் பொழுதுபோக்காகப் பெருகியதெல்லாம் ரொம்பப் பிற்பாடு.

அங்கே போகிற புதியவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு போவார்கள். அவர்களை முதலில் கைவிடுவது பிரேக். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடத்து இயற்பியல்தான், பயப்பட வேண்டாம். நேர்ப்பாதையின் கடைசியில் 160 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள். அடுத்த வளைவுக்கு 60-க்கு இறக்க வேண்டும். கார் ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ என்றால், அந்த ஒரு பிரேக்கில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 850 கிலோஜூல். சமையலறைக் கணக்கில் சொன்னால், 30 டிகிரியில் இருக்கிற ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. அதில் பெரும்பகுதி நாலு பிரேக் தட்டில் போய் இறங்குகிறது, நாலைந்து விநாடிக்குள். கார் 1,600 கிலோ என்றால் நாலரை லிட்டர் தண்ணீர். அதோடு முடியவில்லை. 400 குதிரை இருக்கிற கார் அதே நேர்ப்பாதையின் கடைசிக்கு 160-இல் வராது, 200-இல் வரும். வேகம் இருமடியாகக் கணக்கில் ஏறுவதால் இப்போது ஏழரை லிட்டருக்கு மேல் கொதிக்கும். ஏழரை என்றாலே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா :-)

ஒரு சுற்றில் இந்த மாதிரி நாலைந்து வளைவு. பத்து சுற்று ஓடினால் பிரேக் ஆயில் கொதிக்க ஆரம்பிக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. பழசாக ஆக ஆகக் கொதிநிலை இறங்கும். கொதித்து உள்ளே குமிழி உண்டாகிவிட்டால், பெடலை மிதித்தால் கால் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. அடுத்து டயர். கனமான காரை வளைவில் இழுத்துப் பிடிப்பது டயரின் வெளி ஓரம். அது 19 அங்குல டயராக இருந்தால் நாலு டயர் மாற்றுகிற பில்லைப் பார்த்ததும் பொழுதுபோக்கே வெறுத்துப்போகும். முதல் மியாட்டாவின் டயர் 14 அங்குலம். ஆக, 'மலிவான கார்' என்பது வாங்குகிற விலையில் இல்லை. முப்பதாவது டிராக் டேக்குப் பணம் மிச்சம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இந்த ஞானம் புதுசு இல்லை. 1950, 60-களில் இங்கிலாந்துக்காரர்களுக்கு அத்துப்படி. போர் முடிந்து காசு இல்லாத காலம், பெரிய எஞ்சினுக்கு வழியில்லை, அதனால் எடையைக் குறைத்தார்கள். எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி என்று வரிசையாகச் சின்னத் திறந்த கார்கள். இந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரர் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன். அவருடைய 1962-ஆம் வருஷத்து எலான் 700 கிலோவுக்கும் கீழே. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரே ஒரு இரும்புச் சட்டம், மேலே ஃபைபர்கிளாஸ் உடம்பு, ஃபோர்டு எஞ்சினை அடித்தளமாக வைத்துச் செய்த 1.6 லிட்டர் எஞ்சின். ஓட்டியவர்கள் இன்றைக்கும் கண் கலங்கப் பேசுவார்கள். ஓட்டியவர்களின் மெக்கானிக்குகளும் கண் கலங்குவார்கள், காரணம் வேறு. எண்ணெய் ஒழுகும், மின்சாரம் கைவிடும், மழை பெய்தால் உள்ளே பெய்யும்.

1970-களில் அமெரிக்கா பாதுகாப்புக்கும் புகைக்கும் புது விதிகள் போட்டது. பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் புதுசாகக் கார் செய்யப் பணமில்லை. பழைய எம்ஜிபி காருக்கே கறுப்பு ரப்பர் பம்பரை ஒட்டி, உயர விதிக்காக மொத்தக் காரையும் தூக்கி நிறுத்தினார்கள். தாழ்வாக ஒட்டி ஓடுவதற்காகவே செய்த காரை! அமெரிக்காவில் விற்ற எம்ஜிபியின் திறன் 70 குதிரைக்கும் கீழே போனது. 1980-இல் எம்ஜிபி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ரெண்டின் உற்பத்தியும் நின்றது. மலிவான, லேசான, திறந்த ஸ்போர்ட்ஸ் கார் என்கிற இனமே ஏறக்குறைய அத்துப்போன மாதிரி.

இதற்கு ஒரு வருஷம் முந்தி, 1979-இல், பாப் ஹால் என்கிற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவில் மாஸ்டா கம்பெனியின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்திக்கிறார். நமக்கு மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும், கல்யாணத்துக்கு ஜனங்களை அள்ளிக்கொண்டு போகிற வேன். அதே மாஸ்டாவின் தொழில்நுட்பத்தில்தான் 1983-இல் அந்தக் கம்பெனி ஆரம்பித்தது. யமமோட்டோ லேசுப்பட்ட ஆள் இல்லை. உலகமே கைவிட்ட ரோட்டரி எஞ்சினை 47 பொறியாளர்களை வைத்துக்கொண்டு ஓட வைத்தவர். அவர், 'நாங்கள் அடுத்து என்ன கார் செய்யலாம்?' என்று கேட்கிறார். ஹால் பழைய பிரிட்டிஷ் கார்களில் கிறுக்குப் பிடித்தவர், ஜப்பானிய மொழியும் பேசுவார். எஞ்சின் முன்னால், விசை பின் சக்கரத்துக்கு, லேசு, விலை குறைவு, கூரை திறக்கணும் என்று கரும்பலகையில் படம் போட்டே காட்டிவிடுகிறார்.

ஒரு நிருபர் சொன்னதைக் கேட்டு யார் கார் செய்வார்கள்? ஆனால் அந்த விதை கிடந்தது. 1981-இல் ஹால் மாஸ்டாவின் கலிஃபோர்னியா கிளையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். யமமோட்டோவை ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் ஏற்றி ஹகோனே மலைப்பாதையில் ஓட்ட வைத்ததும் நடந்தது. வளைந்து வளைந்து போகிற ரோடு, சின்ன எஞ்சின், தலைக்கு மேலே வானம். மனுஷன் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1983 நவம்பரில் கம்பெனிக்குள்ளே 'ஆஃப்லைன் 55' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஜப்பானிய மொழியில் ஐந்துக்கு 'கோ' என்று பெயர். 55 என்றால் 'கோ கோ'. வெற்றி வாய்ப்பே 55 சதவீதம்தான் என்கிற குறும்பும் அதில் இருந்ததாகச் சொல்வார்கள்.

டோக்கியோ டிசைன்காரர்களுக்கும் கலிஃபோர்னியா டிசைன்காரர்களுக்கும் போட்டி வைத்தார்கள். டோக்கியோ கொண்டுவந்தவை ரெண்டு. ஒன்று முன்சக்கர இழுவை, அதுதான் செய்வதற்கு மலிவு. இன்னொன்று எஞ்சினை நடுவில் வைக்கிற கார், அந்தக் காலத்து ஃபேஷன் அது. கலிஃபோர்னியா மட்டும் பழைய முறையிலேயே நின்றது, எஞ்சின் முன்னால், விசை பின்னால். ஜெயித்தது அதுதான். இது ஏதோ ஓவியப் போட்டி முடிவு மாதிரி தெரியலாம். இன்றைக்கு டிராக் டேயில் பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் வளைவில் பின்பக்கம் வழுக்குவதை உணர்ந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காப்பாற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே இறங்குகிறான் என்றால் அதற்குக் காரணம் இந்த முடிவுதான். நடு எஞ்சின் கார் வழுக்குமுன் எச்சரிக்காது. வழுக்கினால் சொல்லாமல் கொள்ளாமல் சுழற்றிவிடும். டொயோட்டா எம்ஆர்2 வைத்திருந்தவர்களைக் கேளுங்கள்.

முதல் ஓடும் மாதிரியைச் செய்து கொடுத்தது இங்கிலாந்தின் வொர்திங் ஊரில் இருந்த ஐஏடி என்கிற கம்பெனி. அதை 1985-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா தெருக்களில் பகிரங்கமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஜனங்கள் பின்னாலேயே துரத்தி வந்து இது என்ன கார், எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். தலையாட்டத் தயங்கிக்கொண்டிருந்த மேலிடத்துக்கு அதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்? இதற்குள் யமமோட்டோவே கம்பெனியின் தலைவராகிவிட்டிருந்தார், அதுவும் கைகொடுத்தது.

பிறகு பொறுப்பேற்ற தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் கதாநாயகன். அவர் கையில் எடுத்துக்கொண்ட சொல் 'ஜின்பா இத்தாய்'. குதிரை மேல் இருந்தபடியே அம்பு விடுகிற ஜப்பானிய வீரனும் குதிரையும் ஒரே உடம்பாக இருப்பது என்று அர்த்தம். விளம்பரத்துக்கு எழுதின வசனம் மாதிரி இருக்கிறதா? ஆனால் அதை அவர் நட்டு, போல்ட்டு வரைக்கும் கொண்டுபோனார். பணம் கம்மி என்பதால் எஞ்சினைக் கம்பெனியின் 323 குடும்பக் காரிலிருந்து எடுத்தார்கள். மிச்சம் பிடித்த காசைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டினார்கள். நாலு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அந்த விலையில் யாரும் கொடுக்காத சமாச்சாரம். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பானெட் அலுமினியம். எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்து, ரெண்டு பேர் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் எடை பாதிக்குப் பாதி வருகிற மாதிரி செய்தார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கியர்பாக்ஸையும் பின்னால் இருக்கிற டிஃபரென்ஷியலையும் இணைத்து ஓர் அலுமினியச் சட்டம், பாலத்துக்கு அடியில் இருக்கிற மாதிரி ஓட்டை ஓட்டையாக. சாதாரணக் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு பக்கம் முறுக்கும், டிஃபரென்ஷியல் இன்னொரு பக்கம் முறுக்கும், அதற்கப்புறம்தான் சக்கரம் திரும்பும். இந்தச் சட்டம் அந்த இடைவெளியை எடுத்துவிடுகிறது. கால் அசைந்தால் கார் அசையும். வலது காலுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் யாரும் இல்லை. வளைவில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது. தப்புப் பண்ணினால் உடனே சொல்லும், ஆனால் அடிக்காது. மொத்த எடை, ஜப்பானிய ரகத்துக்கு, 940 கிலோ.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் திரை விலகியது. அமெரிக்காவில் பெயர் மியாட்டா, பழைய ஜெர்மன் மொழியில் வெகுமதி என்று பொருளாம். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5. விலை 13,800 டாலர். டீலர்கள் அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் வைத்துக் கேட்டார்கள், ஜனங்கள் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் வந்த இன்னும் ரெண்டு காரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷெவர்லே கார்வெட் இசட்ஆர்-1, 1990 மாடல், 375 குதிரை, விலை ஏறத்தாழ 59,000 டாலர். நாலு மியாட்டா வாங்கிப் பாக்கிக்குப் பெட்ரோலும் போடலாம். இன்னொன்று லோட்டஸ். ஆமாம், எலானைக் கொடுத்த அதே லோட்டஸ், அதே 1989-இல், அதே எலான் பெயரில் ஒரு புதுக் கார் கொண்டுவந்தது. முன்சக்கர இழுவை, ஜப்பானிய இசுஸு எஞ்சின், விலை மியாட்டாவைவிட ரொம்ப அதிகம். 1992-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பிறகு மிச்சம் கிடந்த எஞ்சின்களை வைத்து ஒரு 800 கார் செய்தார்கள், அவ்வளவுதான். கார் மோசமில்லை, நன்றாகவே வளையும். ஆனால் பழைய எலானின் ஆவி ஹிரோஷிமாவுக்குக் குடிபோய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கிண்டல்களுக்கும் குறைவில்லை. இங்கிலாந்தில் இதற்குச் சலூன்காரர் கார் என்று பட்டப்பெயர். குதிரை கம்மி, முகம் சிரித்த முகம், ஆம்பளைத்தனம் போதாதாம். இந்த ஆம்பளைத்தனத்தால் பிரேக் தட்டு உருகினவர்கள் எத்தனை பேரோ. போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாஸ்டா 1991-இல் லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயித்தது, ஜப்பானியக் கம்பெனிக்கு முதல் வெற்றி. ரோட்டரி எஞ்சினின் சத்தமும் 700 குதிரையும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் காரை 830 கிலோவில் ஓட விட்டார்கள், எதிரே நின்ற ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1,000 கிலோ தூக்க வேண்டியிருந்தது என்பதை ரொம்பப் பேர் சொல்வதில்லை. ராத்திரி பூரா 170 கிலோ குறைவு என்றால் பிரேக்குக்கும் டயருக்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு மிச்சம்!

மியாட்டா டிராக்குக்குப் போனது யாரும் திட்டமிட்டு இல்லை. ஜப்பானில் 1989-லிருந்தே சுகுபா மைதானத்தில் பத்திரிகைக்காரர்கள் அணி அணியாக ரோட்ஸ்டரில் 4 மணி நேர ரேஸ் ஓட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் கதை வேறு விதம். 1990-களின் கடைசியில் முதல் மியாட்டாக்கள் பத்து வயசாகி, பெயிண்ட் மங்கி, மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. இவற்றை வைத்து 'ஸ்பெக் மியாட்டா' என்று ஒரு ரேஸ் வகையை உண்டாக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே சஸ்பென்ஷன், எஞ்சினில் கைவைக்கக் கட்டுப்பாடு, இடிதாங்கிக் கூண்டு கட்டாயம். பணக்காரன் வாங்க ஒன்றும் இல்லாததால் ஓட்டுகிறவன்தான் வித்தியாசம். (இப்போது அதிலும் எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பணம் எங்கேயும் ஒரு சந்து கண்டுபிடித்துவிடும்.) ஆயிரக்கணக்கான கார்கள் அப்படி ஓடியதால் எது எத்தனை மணி நேரத்தில் தேயும், எதை எதால் மாற்றலாம் என்பதெல்லாம் எழுதி வைத்த பாடமாகிவிட்டது. உதிரி பாகத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. டிராக் கார் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைவிட இது முக்கியம். அபூர்வமான காரின் ஒரு வீல் பேரிங் போனால் மாசக்கணக்கில் காத்திருக்கணும்.

வேறு காரே இல்லையா என்றால், உண்டு. டொயோட்டாவின் ஏஇ86 இதே மாதிரி லேசான, பின்சக்கர விசையுள்ள கார், 1983-இல் வந்தது. ஒரு காலத்தில் சல்லிசாகக் கிடைத்தது. 1995-இல் தொடங்கிய இனிஷியல் டி என்கிற ஜப்பானியப் படக்கதையில் டோஃபு கடைக்காரர் மகன் அந்தக் காரை ஓட்டி எல்லோரையும் ஜெயிக்க, விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஹோண்டா சிவிக் நல்ல கார், மலிவு, கெடாது, ஆனால் முன்சக்கர இழுவை. திருப்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் ஒரே ஜோடி டயருக்கு. 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86 எனக்குப் பிடித்தது, கூரை இரும்பு, 200 குதிரை, எடை 1,250 கிலோவுக்குப் பக்கம். காசு கொஞ்சம் கூட இருந்தால் தாராளமாக அது.

மஸ்டாங்கா என்றால், ரோட்டில் ஓட்ட அருமையான கார். டிராக்கில் அதை அடக்கப் பெரிய பிரேக், பெரிய டயர், ஆயில் கூலர் என்று வரிசையாக வாங்கணும். அதைவிடச் சிக்கல், 400 குதிரை ஓட்டுகிறவனின் தப்பை மூடிவிடும். வளைவில் சொதப்பினதை நேர்ப்பாதையில் சரிக்கட்டிவிடலாம். 116 குதிரைக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. வளைவில் இழந்த 5 கி.மீ. வேகம் நேர்ப்பாதை முடிகிற வரைக்கும் திரும்பக் கிடைக்காது. அதனால் அவன் வளைவைக் கற்றுக்கொண்டே ஆகணும். அக்கா பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நேர்ப்பாதையில எல்லாரும் என்னை முந்திட்டுப் போவாங்களே மாமா" என்றான். போவார்கள்தான். கை காட்டி வழிவிட்டுவிட்டு, அடுத்த வளைவில் அவர்கள் பின்பம்பரிலேயே போய் நிற்கலாம்.

பழைய முதல் தலைமுறை மியாட்டா வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய சிலதைச் சொல்லிவிடுகிறேன். கதவுக்குக் கீழே இருக்கிற சில் பகுதியில் துரு. வெளியே மினுக்கும், உள்ளே அரித்திருக்கும், விரலால் அழுத்திப் பார்க்கணும். 1990-லிருந்து 1991 ஆரம்பம் வரைக்கும் வந்த கார்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்மூக்கு குட்டை. அந்த போல்ட்டை யாராவது சரியாக முடுக்காமல் விட்டிருந்தால் புல்லி ஆட்டம் கண்டு, ஷாஃப்டே வீணாகிவிடும். எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று பார்த்தால் போதும். அப்புறம் சூடு. 323 காரில் குறுக்காக இருந்த எஞ்சினை இதில் நெடுக்காகத் திருப்பி வைத்தார்கள் இல்லையா, அப்போது தண்ணீர் வெளியேறும் வாயை முன்பக்கமே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பின்னால் இருக்கிற சிலிண்டருக்குக் குளிர்ந்த தண்ணீர் ஓட்டம் குறைவு. ரோட்டில் தெரியாது, டிராக்கில் தெரியும். அந்தக் குழாய்ப் பாதையை மாற்றுவது இப்போது சாதாரண வேலை. கூரை துணி என்பதால் பல மைதானங்களில் ரோல் பார் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள், விட்டாலும் நீங்கள் போகக்கூடாது. ரோல் பார் போட்டபின் ஹெல்மெட்டோடு தலை அதற்குக் கீழே இருக்கணும். ஆறடிக்கு மேலே இருக்கிறவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம். சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் டிராக்கில் நடக்கிற எதற்கும் பைசா தராது, அதையும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் செலவு நல்ல பிரேக் ஆயிலும் பிரேக் பேடும். டர்போ கிர்போ எல்லாம் ரெண்டு வருஷம் கழித்து.

2000-ஆம் வருஷத்தில் 5,31,890 கார்களோடு கின்னஸ் இதை உலகத்தில் அதிகம் விற்ற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று பதிவு செய்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒரு எண். 2015-இல் வந்த நாலாவது தலைமுறையின் 1.5 லிட்டர் அடிப்படை ரகம், ஏர்பேக், ஏசி, கணினி எல்லாவற்றோடும், ஜப்பானில் 990 கிலோ. 26 வருஷத்தில் மற்ற கார்கள் எல்லாம் நம்மை மாதிரியே தொப்பை போட, இது ஏறியது 50 கிலோ.

இப்போது ஒரே கஷ்டம் விலை. அடித்து நொறுக்குவதற்கு என்று வாங்கின முதல் தலைமுறைக் கார்களைச் சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டாவே 2017-இல் அறிவித்து, ஜப்பானில் பழைய ரோட்ஸ்டர்களை வாங்கிப் புதுசு போல மீட்டுக் கொடுக்கிற வேலையைத் தொடங்கியது. அதற்காக பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி அந்தக் காலத்து 185/60 ஆர்14 டயரையே, பழைய பூ டிசைனோடு, மறுபடி வார்த்துக் கொடுத்தது. அதனால் டிராக்குக்கு வாங்குகிறவர்கள் 1998-க்கு அப்புறம் வந்த ரெண்டாம் தலைமுறையைப் பாருங்கள். ஹெட்லைட் எழுந்து மூடிக்கொள்ளாது, அழகு ஒரு மாற்றுக் குறைவு என்பார்கள். சஸ்பென்ஷன் அதேதான். எங்கள் வீட்டுப் பையன் இப்போது 2001 மாடல் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறான். சில் பகுதியை அழுத்திப் பார்த்தானா என்று தெரியவில்லை.